நாய்கள் குரைத்த இரவு

அமெரிக்க விடுதலைப் போரின்போது டெலவேர் ஆற்றைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் படகில் கடக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை இன்று செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கொடியைப் பிடித்து நிற்பவர் ஜேம்ஸ் மன்றோ. உண்மையில் அவர் அந்தப் படகில் இல்லை. முன்னணிப் படையோடு முன்பே கடந்துவிட்டார்.

1776 டிசம்பர். கல்லூரியை விட்டுப் படையில் சேர்ந்திருந்த அவருக்கு வயது 18.

டிரெண்டன் நகருக்கு அருகே அன்றிரவு அந்த முன்னணிப் படையினர் சாலையைக் காவல் காத்தபோது, ஒரு வீட்டு நாய்கள் விடாமல் குரைத்தன. பிரிட்டிஷ் படை என்று நினைத்துத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார் வீட்டுக்காரர். வந்திருப்பது அமெரிக்கப் படை என்று தெரிந்ததும் சாப்பாடு கொடுத்தார். தான் மருத்துவர், யாருக்காவது உதவலாம் என்று கூடவே கிளம்பியும் விட்டார்.

விடிந்தபின் நடந்த சண்டையில் மன்றோவின் தோளில் குண்டு பாய்ந்து ரத்தக்குழாய் அறுந்தது. ரத்தத்தை நிறுத்திக் காப்பாற்றியவர் அதே மருத்துவர், ஜான் ரைக்கர்.

அப்புறம் மன்றோ செனட்டர், ஆளுநர், 1817 முதல் 1825 வரை அமெரிக்க அதிபர். அடிமைகளை வைத்திருந்தவர் என்பதும் அந்த வாழ்க்கையில் சேர்ந்ததுதான். அதை ஒதுக்கிவிட்டு அவரைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ரைக்கரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரியாமலே அந்தக் குளிரில் கிளம்பியிருக்கிறார்.