நாலாவது காலை வெட்டுன கதை

தாத்தாவோட டிரான்சிஸ்டர் ரேடியோ தோட்டத்து லய வீட்டுல அட்டாலில கிடந்துச்சு, நாலு பெரிய பேட்டரி போடுற மரப்பொட்டி செட். பேட்டரி போட்டா லேசா இரையுது, ஸ்டேஷன் ஒண்ணும் இல்ல. ஹட்டன்ல ரிப்பேர் பாஸ்கிட்ட கொண்டு போனேன், தொறந்து பார்த்துட்டு "தம்பி, இந்த டிரான்சிஸ்டரெல்லாம் இப்ப வராது, சாமான் இல்ல"ன்னு மூடிக் குடுத்துட்டாரு.

உள்ள இருந்தது ஏஎஃப்117ங்குற டிரான்சிஸ்டர். அதுக்கு மூணு கால் இல்ல, நாலு. நாலாவது கால் வெளித் தகர மூடியோட சேர்ந்தது, வெளி மின் இரைச்சல் உள்ள ஏறாம இருக்க எர்த் பண்ணிருப்பாங்க. இதுல என்ன கூத்துன்னா வருஷக்கணக்குல அந்த மூடிக்குள்ள இருக்குற வெள்ளீயப் பூச்சுல இருந்து மயிர் மாதிரி மெல்லிசா கம்பி தானா மொளைச்சு உள்ள இருக்குற காலைத் தொட்டு ஷார்ட் ஆக்கிருது. தாத்தா செட்டு தலையில ரெண்டு தட்டு தட்டுனா பாடுமே, அது ஏன்னு இப்பத்தான் வெளங்குச்சு. புதுசு தேடல, அந்த நாலாவது காலை மட்டும் கட்டரால வெட்டி விட்டேன், ஸ்டேஷன் வந்துருச்சு! எப்பவும் இது சரிவராது, ரெண்டு மூணு காலை ஒரே நேரத்துல தொட்டிருந்தா மூடி வழியா ஷார்ட் அப்படியேதான் இருக்கும்.

அடுத்த தலைவலி ஸ்பீக்கரை ஓட்டுற ஏசி128 டிரான்சிஸ்டர் ஜோடி. நம்ம ஊரு பனிக்கும் ஈரத்துக்கும் ஒண்ணோட காலே துருப்புடிச்சு ஒடிஞ்சு போயிருந்துச்சு. ஆன்லைன்ல பழைய ஸ்டாக் விக்கிறாங்கதான், ஆனா பாதிக்கு மேல கரண்ட் கசியுறதுன்னு எனக்கு ஒரு பயம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல பிசி327 ரெண்டு வாங்கிட்டு வந்தேன், அதுவும் பழையது மாதிரியே பிஎன்பி வகை டிரான்சிஸ்டர்தான், 800 மில்லி ஆம்ப் தாங்கும், கால் வரிசை மட்டும் வேற, அதைப் பார்க்காம சொருகுனா போச்சு.

மாத்திப் போட்டா சத்தத்தைக் கொறைச்சு வச்சு கேக்கும்போது பேச்சு கரகரன்னு ஒடஞ்சு ஒடஞ்சு வருது. நான் ரெண்டு நாள் ஸ்பீக்கரைத்தான் திட்டிட்டு இருந்தேன். ஆனா கோளாறு டிரான்சிஸ்டர்ல. பழையது ஜெர்மானியத்துல செஞ்சது, பேஸ்ங்குற கால்ல 0.2 வோல்ட் இருந்தாலே முழிச்சுக்கும், புதுசு சிலிக்கன், 0.6 கிட்ட வந்தாத்தான் அசையும், செட்டுல இருக்குற பயஸ், அதாவது பேஸுக்கு எப்பவும் குடுத்து வைக்கிற வோல்ட், அதுக்குப் பத்தாது. அங்க இருந்த சின்ன ரெசிஸ்டரையும் தெர்மிஸ்டரையும் (சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறுற ரெசிஸ்டர்) கழட்டிட்டு 1என்4148 டயோட் ஒண்ணு போட்டேன், இந்த செட்டுல பாசிட்டிவ்தான் எர்த், அதனால டயோட்டோட ஆனோட், அதாவது பாசிட்டிவ் கால், எர்த் பக்கம். கரகரப்பு நின்னுருச்சு.

கண்டென்சருக்கு மட்டும் கவலையே இல்ல, 100 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் இருந்த எடத்துல அதே அளவுல 25 வோல்ட் தாங்குறது தாராளமா போடலாம், சைஸுகூட சின்னது.

அப்பாயிக்கு இன்னும் ஒரு குறை, முள்ளு நகரவே மாட்டேங்குதாம். டயல் கயிறு அந்துபோன எடத்துல தூண்டில் நரம்பு கட்டிருக்கேன், அது கொஞ்சம் வழுக்குது. பின்னுன நூல் கெடைச்சா மாத்தணும்.