குறுக்கெழுத்தில் சூதாட்டச் சொற்கள்: இதுவரை பிடிபட்டவை

கொஞ்ச நாளாக நண்பரும் நானும் கிரிப்டிக் குறுக்கெழுத்துக் குறிப்புகளை மாறி மாறி எழுதி அனுப்பிக்கொள்கிறோம். இந்த வகைக் குறிப்பில் விடையின் நேர்ப்பொருளும், எழுத்துகளைச் சேர்த்தும் எடுத்தும் விடையை உருவாக்கும் வழியும் ஒரே வாக்கியத்தில் ஒளிந்திருக்கும்; அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. இப்போதைய தலைப்பு சூதாட்டம். விடை எந்த வகை என்று தெரிந்தே உட்கார்ந்தாலும் சுலபமாக இல்லை. வை, போடு, எடு, விடு, கலை என்று சூதாடும் வினைகள் எல்லாம் எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளாகவும் வருகின்றன. 'முதல்' இன்னும் பொல்லாதது.

"பணத்தின் முதலை அங்காடிக்கு முன் வைத்து உருட்டுவது (3)". படித்ததும் மனம் யாரோ போட்ட முதலீட்டுக்குப் போகிறது. வேண்டியது 'ப' மட்டும். அங்காடி கடை, ஆக, பகடை.

நண்பர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: "யமன் தலை பணத்துக்குள் போக, அவன் மகன் வைத்துத் தோற்றது (4)". 'பணத்து' என்ற வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் நகராது. அதைப் பணம் என்று திருப்பி, 'ம்'முக்கு முன் 'ய' வைத்தால் பணயம். யமன் மகன் தருமன். ஒரு சொல்கூட வீணாகவில்லை, என்ன அழகு!

அதே வழியில் பந்தயத்துக்கு நான் எழுதியது: "உறவுக்குள் யவனர் தலை நுழைய, குதிரைகள் ஓடுவது இதில்தான் (5)". உறவு பந்தம். குதிரைக்குப் பக்கத்தில் யானை வந்தால் இன்னும் பொருத்தம்தான், ஆனால் யானையின் முதலெழுத்து 'யா'. உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது என்பதில் நாங்கள் இருவருமே கறார்.

"பழைய சூதுக்களம், இன்றைய சங்கம் (4)" திருக்குறளின் 94ஆவது அதிகாரமான 'சூது' படித்தபிறகுதான் விழுந்தது. 935ஆம் குறளில் கவறும் கழகமும் சேர்ந்தே வருகின்றன. கவறு சூதாடு கருவி, கழகம் அதை உருட்டும் இடம்.

இப்போதெல்லாம் குறிப்பின் இரண்டு முனைகளையும் முதலில் பார்த்துவிடுகிறேன். நேர்ப்பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடுவில் இருப்பது கட்டளை. எழுத்தைக் கலைக்கும் வகையில் மட்டும் இன்னும் வேகம் வரவில்லை. அப்புறம், நேற்று எழுதி அனுப்பியது இது, விடையைச் சொல்லாமல் விடுகிறேன்: "லாபத்தில் பசுவை விட்டால் காயை இறக்க வாய்ப்பு (3)".