ஒரே உறுதி, 512 துண்டுகள்

உப்புவெளியில் இரண்டு வாரமாக விடாத மழை. வேலை முடிந்து வந்தால் இரவில் என் ரிஸ்க்-ஃபைவ் எமுலேட்டர்தான், அதாவது அந்த வகைச் செயலியைப்போல நடிக்கும் மென்பொருள்தான் துணை. சி மொழியில் நானே எழுதிவரும் அதில் 4 கிலோபைட் பக்கங்கள் (நினைவகத்தைப் பிரிக்கும் கூறுகள்) ஏற்கெனவே ஒழுங்காக ஓடின. 2 மெகாபைட், 1 ஜிகாபைட் பக்கங்களைச் சேர்ப்பதே மிச்சமிருந்த வேலை.

நிரல் கேட்கும் முகவரியை நினைவகத்தின் உண்மை முகவரியாக மாற்றும் எஸ்வி39 முறையில் முகவரியின் 39 பிட்கள் 9, 9, 9, 12 என்று பிரிகின்றன: முதல் மூன்றும் அட்டவணையின் மூன்று அடுக்குகளுக்கு, கடைசி 12 பக்கத்துக்குள் உள்ள இடத்துக்கு. அட்டவணையில் அடுக்கடுக்காக இறங்கும்போது வாசிப்பு அனுமதியோ இயக்க அனுமதியோ உள்ள பதிவைக் கண்டால் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாம் அடுக்கில் நின்றால் 2 மெகாபைட், முதல் அடுக்கிலேயே நின்றால் 1 ஜிகாபைட். நானோ எங்கே நின்றாலும் முகவரியின் கடைசி 12 பிட்களையே ஒட்டிக்கொண்டிருந்தேன். 2 மெகாபைட்டுக்கு 21 பிட்கள் வேண்டும். பெரிய பக்கத்தின் எந்த மூலையை வாசித்தாலும் அதன் முதல் 4 கிலோபைட்டே திரும்பத் திரும்ப வந்ததால் பிழை உடனே பிடிபட்டது.

என்னை வாட்டியது டி.எல்.பி.தான்; மாற்றிய முகவரிகளை மறுபடி தேடாமலிருக்க நினைவில் வைக்கும் சிறு பட்டியல் அது. என்னுடையதில் 256 இடங்கள். ஒவ்வொன்றும் 4 கிலோபைட்டுக்கு உரியது. 2 மெகாபைட் பக்கம் 512 துண்டுகளாக உடைந்து, தொட்ட துண்டு மட்டும் உள்ளே வரும். சோதனைக்காக, பதினறும எண்ணில் 80200000 என்ற முகவரியில் தொடங்கும் பெரிய பக்கத்தை 11 என்ற எண்ணால் நிரப்பிய நினைவகத்துடன் இணைத்து, இரண்டு இடங்களில் வாசித்தேன். பிறகு அட்டவணைப் பதிவை 22 நிரப்பிய இடத்துக்குத் திருப்பி, 80200000-க்கு மட்டும், பழைய பதிவை டி.எல்.பி.யிலிருந்து நீக்கச் சொல்லும் எஸ்ஃபென்ஸ் கட்டளை கொடுத்தேன். அங்கே 22 வந்தது. அடுத்த துண்டான 80201000-இல் இன்னமும் 11.

பலரும் பயன்படுத்தும் எமுலேட்டரான கியூஎமுவின் மூலநிரலைப் பார்த்தேன். பெரிய பக்கங்கள் அடங்கும் முகவரி எல்லையை அது குறித்துவைக்கிறது. அந்த எல்லைக்குள் ஒரு பக்கத்தை நீக்கச் சொன்னால் டி.எல்.பி. முழுவதையும் காலிசெய்துவிடுகிறது. நானும் அப்படியே செய்தேன். விடை சரியானது. ஆனால் தூரத்தூர இரண்டு பெரிய பக்கங்கள் இருந்தால் எல்லை இரண்டையும் சேர்த்து விரிந்துவிடுகிறது. சம்பந்தமில்லாத பதிவுகளும் அடிக்கடி பறிபோயின. அது எனக்குப் பொறுக்கவில்லை.

உயர்தரத்துக்குப் படிக்கும் மருமகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே உறுதிப் பத்திரத்தில் உள்ள காணியை 512 துண்டாக்கி வேலி போட்டதுபோல என்று விளக்கினேன். உறுதி ரத்தானால் எல்லாத் துண்டும் போக வேண்டும். அவன் கேட்டான்: “அப்படியென்றால் மாமா, எந்த உறுதியில் இருந்து வந்தது என்று ஒவ்வொரு துண்டிலும் எழுதிவைக்கலாமே?”

எழுதிவைத்தேன். ஒவ்வொரு டி.எல்.பி. பதிவிலும் மூலப்பக்கத்தின் அளவைக் காட்டும் முகமூடி ஒன்று, அதாவது முகவரியின் எந்தப் பிட்களை ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் எண். எஸ்ஃபென்ஸ் வந்தால் 256 இடங்களையும் ஒருமுறை வலம்வந்து, முகமூடியின்படி அதே பக்கத்தில் விழுபவற்றை மட்டும் நீக்குகிறேன். இத்தனை சிறிய டி.எல்.பி.க்கு இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம்; இடங்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால் கியூஎமுவின் வழியைத்தான் நாடுவேன்.

நேற்றிரவு சோதனையை மறுபடி ஓட்டினோம். இரண்டு இடத்திலும் 22. 1 ஜிகாபைட் பக்கத்துக்கு ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.