முனை தூக்கிய சட்டம்

ஆறு மீட்டர் உயர ரேக்குக்கு நான் செய்த முதல் பக்கச் சட்டத்தை இன்னும் மறக்கவில்லை. இரண்டு தூண்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். தரையில் படுக்க வைத்து, மேல்பக்க இணைப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் வெல்டிங் செய்து முடித்தேன். ஆறியதும் பார்த்தால் இரண்டு முனைகளும் தரையை விட்டு எழும்பி நிற்கின்றன. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் மேல்பக்கத்தை இழுத்துவிட்டது. திருப்பிப் போட்டு, புடைத்த பக்கத்தை அங்கங்கே சூடாக்கி ஆறவிட்டு நிமிர்த்த ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

இப்போது முதலில் எல்லா இணைப்புக்கும் சின்ன டேக், அதாவது பிடித்து நிற்க ஒரு பொட்டு வெல்டு மட்டும்தான். அப்புறம் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளப்பேன். இரண்டும் சமமாக வந்தால்தான் சட்டத்தின் மூலைகள் செங்கோணம். பிறகு மேல்பக்கம் ஒன்று, திருப்பி அடிப்பக்கம் ஒன்று, அடுத்து எதிர்முனை என்று மாற்றி மாற்றிப் போடுவேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

7018 ராடு என்ற வெல்டிங் குச்சி என்றால் ஈரம் படவே கூடாது. ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்தால், ஆறிய பிறகும் விரிசல் வரலாம்.

துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பா? இணைப்பு வரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்க்காய்ச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது.