அட்சய திருதியை அன்று சேதாரம் கேட்பவர் யார்?

நகைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அட்சய திருதியை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மகாலட்சுமி அல்ல, டோக்கன்தான். 2006, 2007 வாக்கில் கும்பகோணத்தில் நான் வேலை பார்த்த கடையில் அன்று விடிந்தும் விடியாமலும் ஷட்டர் ஏறிவிடும். வாசலில் ஷாமியானா, கயிறு கட்டிய வரிசை, வாடகை நாற்காலிகள், காகிதக் கோப்பையில் ரோஸ்மில்க். எண் எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறவருக்கு கவுன்ட்டரில் கிடைப்பது நான்கைந்து நிமிடம். சாதாரண நாளில் ஒரு ஜோடித் தோடு விற்க அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசவேண்டும். அன்று பேச்சே கிடையாது. கை நீட்டினால் நகை, நகை கைக்கு வந்தால் பில்.

என் அண்ணன் மகன் சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் என்னை ஏதாவது ஒரு வாதத்துக்கு இழுக்காமல் போகமாட்டான். “விளம்பரம் நமக்கு வேண்டாததையெல்லாம் வேண்டும் என்று நினைக்கவைத்துவிடுகிறது அத்தை. இல்லாத ஆசையை உண்டாக்குகிறார்கள்” என்பது அவன் கட்சி. தங்கத்தின் மேல் ஆசைப்பட நம் ஊர்ப் பெண்களுக்கு விளம்பரமா வேண்டும் என்று கேட்டேன். காது குத்தலில் தொடங்கி மாமன் சீர், தாலி, பேறுகாலம் வரை பவுன் கணக்குத்தான். கணவன் வீட்டில் பேச்சு முற்றினால் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப ஒரு பெண்ணுக்கு இருப்பது அது ஒன்றுதான். அந்த ஆசை நகைக்கடைக்காரரின் பாட்டனாருக்கும் மூத்தது. விளம்பரம் செய்தது வேறு வேலை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

முதலில் அது ஒரு தேதியைக் கொடுத்தது. என் சிறு வயதில் அட்சய திருதியை எங்களுக்குக் கருட சேவை நாள். சாரங்கபாணி, சக்கரபாணி, ராமசாமி, ராஜகோபாலசாமி, ஆதிவராகர் என்று ஊரில் உள்ள பெருமாள்கள் பன்னிரண்டு பேரும் கருட வாகனத்தில் பெரிய கடைத் தெருவுக்கு வந்து பந்தலின் கீழ் வரிசையாக நிற்பார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அன்று அம்மாச்சி திண்ணையில் பானை வைத்து நீர்மோர் ஊற்றுவார். யாராவது ஒரு பெரியவருக்கு விசிறியும் தயிர்சாதமும் கொடுப்பார். தெருக்கோடி அடகுக்கடை சேட்டு வீட்டில், ஓராண்டு காலம் ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசம் இருந்த பாட்டி அன்றுதான் கரும்புச்சாறு குடித்து விரதத்தை முடிப்பார். பூரியில் ஜகந்நாதருக்குத் தேர் கட்டும் வேலை தொடங்குவதும் அதே நாளில்தான். இத்தனையும் பழையவை. அந்த நாளில் தங்கம் வாங்கினவர் என்று எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. நான் வேலைக்குப் போன காலத்திலோ, அன்று குந்துமணி தங்கமாவது வாங்காத வீட்டுக்கு ஏதோ குறை வந்துவிடும் என்ற பேச்சு தெருவுக்குள் வந்துவிட்டது. அம்மாச்சியே கேட்டார், “எல்லாரும் வாங்குகிறார்களாமே, நாம் வாங்காமல் விடலாமா?”

கவனியுங்கள், அவர் கேட்டது தங்கம் வேண்டும் என்று அல்ல. விடலாமா என்றுதான்.

2020 ஏப்ரல் 26ஆம் தேதி அட்சய திருதியை வந்தபோது ஊரடங்கு. கடைகள் மூடியிருந்தன. சில நகைக்கடைகள் இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு, நகையைப் பிறகு தருவதாக உரிமைச் சான்றிதழ் அனுப்பின. அதையும் வாங்கினார்கள். தங்கத்தைக் கையில் தொடக்கூட முடியாத நாளில் வாங்கியது தங்கத்தையா, தேதியையா? அண்ணன் மகன் இந்த இடத்தில் துள்ளிக் குதித்தான், தன் கட்சி ஜெயித்துவிட்டதாக. கொஞ்சம் பொறு என்றேன். தேதியைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. தேதி வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் கேள்வி நின்றுபோகும். கடைக்காரருக்கு லாபம் அங்கேதான்.

நகைக்கடை விவகாரத்தில் தங்கத்தின் விலை யாருக்கும் ரகசியம் இல்லை. காலையில் செய்தித்தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம் இருக்கிறதா என்பதற்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. 2021 முதல் அது படிப்படியாகக் கட்டாயமும் ஆகிவிட்டது. கடைக்குக் கடை மாறுவது செய்கூலியும், நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று போடும் சேதாரமும்தான். ஹால்மார்க் அதைப் பற்றி வாய் திறக்காது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிராம் சங்கிலிக்குத் தங்கத்தின் விலை 72,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 1.12 கிராம், அதாவது 10,080 ரூபாய். கறாராகப் பேசி 10 சதவீதத்துக்குக் குறைத்தால் 7,200. வித்தியாசம் 2,880. இந்தத் தொகையின் மேலும் 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதை மறக்கவேண்டாம். இனி விளம்பரத்தைப் பாருங்கள். முழுப்பக்கத்தில், பாதி உயரத்துக்குக் கொட்டை எழுத்தில், ‘கிராமுக்கு 50 ரூபாய் தள்ளுபடி’. எட்டு கிராமுக்கு அது 400 ரூபாய். வாசலில் 400 ரூபாயைக் கொடுத்துவிட்டு உள்ளே 2,880 ரூபாயைப் பற்றிக் கேட்கவிடாமல் செய்துவிட்டால் வியாபாரம் நல்ல வியாபாரம்தான்.

இதில் பொய் என்று எதையும் சுட்ட முடியாது. தள்ளுபடி உண்மை. எடை உண்மை. சேதாரம் பில்லிலேயே அச்சாகியிருக்கும், நானே அச்சடித்திருக்கிறேன். சாதாரண நாளில் அந்த வரியைப் பார்த்ததும் பில்லைத் திருப்பிக் கொடுத்து, முதலாளியைப் பார்க்கவேண்டும் என்று சொல்கிற பெண்கள், அட்சய திருதியை அன்று பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் லட்சுமி படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. நல்ல நேரம் முடியப்போகிறது. நல்ல நாளில் பேரம் பேசினால் அபசகுனம் என்று கூட வந்த மாமியார் முகத்தைச் சுளிக்கிறார். எங்கள் கடையில் அன்று மட்டும் சேதாரத்தைக் குறைக்கும் அதிகாரம் கவுன்ட்டர் ஆட்களுக்குக் கிடையாது. குறைத்துக் கேட்பவர் வந்தால்தானே அதிகாரம் வேண்டும்?

சேதாரம் என்பதே ஒரு தனிக் கதை. ஆசாரி கையால் ராவி, உருக்கி, கம்பி இழுக்கும்போது கொஞ்சம் தங்கம் வீணாகும். அதற்கான ஈடு அது. இயந்திரத்தில் செய்த சங்கிலியில் அந்த அளவுக்கு வீணாவதில்லை, ஆனால் சதவீதம் மட்டும் அப்படியே நிற்கிறது. வீணானதும் வீணாகப் போவதில்லை. எங்கள் பட்டறையில் நாள் முடிவில் தரையைப் பெருக்கி, அந்தக் குப்பையை ஒரு டப்பாவில் மூடி வைப்பார்கள். ஆசாரி கை கழுவும் தண்ணீர்கூட சாக்கடைக்குப் போகாது. தொட்டியில் தேங்கி வண்டலாக நிற்கும். அந்தத் தூசியைக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். அதிலிருந்து தங்கம் பிரித்தெடுப்பது அவர்கள் தொழில். வாடிக்கையாளர் கணக்கில் வீணான தங்கம் பட்டறைக் கணக்கில் டப்பாவில் இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் விளம்பரத்துக்கு எதிர்க்கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். இட்லிக்கடை நடத்தும் ஓர் அக்கா வருடம் தவறாமல் அதே நாளில் வருவார். அரை கிராம் காசு ஒன்று. அப்போது பவுன் பத்தாயிரத்தைத் தொடாத காலம்; அரை கிராம் ஐநூறு, அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுருக்குப்பையில் இருந்து கசங்கிய நோட்டுகளை எண்ணி வைப்பார். வைப்பதற்கு முன், அத்தனை கூட்டத்திலும், நிதானமாகக் கேட்பார், “தம்பி, காசுக்கு அடிகூலி எவ்வளவு போடுகிறீர்கள்? திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?” பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பதில் வரும்வரை நகரமாட்டார். வங்கியில் காசு வாங்கினால் அவர்கள் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

2025 அட்சய திருதியை அன்று ஒரு பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர் வாங்கிய காசுகளை இன்றைய விலையில் போட்டுப் பார்த்தால், விளம்பரம் அவரை ஏமாற்றியது என்று எந்த வாயால் சொல்வது? ஐநூறு ரூபாயை ஒதுக்கிவைக்க அவருக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. அந்த நாளைக் கொடுத்தது செய்தித்தாளின் முதல் பக்கம். அது இல்லாவிட்டால் அந்தப் பணம் கூடுதல் வட்டி ஆசை காட்டிய ஏதாவது ஒரு சீட்டுக் கம்பெனிக்குப் போயிருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். வேண்டியது எது, வேண்டாதது எது என்று வெளியில் நின்று தீர்ப்புச் சொல்வது, மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எளிது. ஆனால் அதே விளம்பரத்தைப் பார்த்து, இருக்கிற வளையலை அடகு வைத்து, அந்தப் பணத்தில் புது மோதிரம் வாங்கிப்போனவர்களுக்கும் நான் பில் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் வட்டி, இந்தப் பக்கம் சேதாரம். இவர்களைப் பார்க்கும்போது அண்ணன் மகன் சொல்வதை என்னால் மறுக்க முடிவதில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சரி, ‘இன்று வாங்கினால் இல்லத்தில் செல்வம் பெருகும்’ என்பதை எந்த அதிகாரி பொய் என்று நிரூபிப்பது? பெருகாதவர் போய் வழக்குப் போடுவாரா? நகைக்கடைக்காரர்கள் அது தெரியாதவர்கள் அல்லர். ஆடியில் நகை வாங்கக்கூடாது என்றிருந்த ஊரில் ஆடிப்பெருக்குக்கு முழுப்பக்க விளம்பரம் வருகிறது. காவிரிக்கரையில் அன்று தாலி பிரித்துக் கோர்க்கும் வழக்கம் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு முன்னால் வடக்கில் கொண்டாடும் தன திரயோதசியும் இப்போது நம் நாட்காட்டியில் ஏறிவிட்டது. இனி மிச்சம் இருப்பது அமாவாசைதான்.

எங்கள் நாத்தனார் இந்த முறையும் வாங்கத்தான் போகிறார். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடை விளம்பரத்திலேயே முன்பதிவு வசதி இருக்கிறது: பதிவு செய்த நாள் விலை, வாங்கும் நாள் விலை, இரண்டில் எது குறைவோ அதைக் கொடுத்தால் போதும். அது வாடிக்கையாளருக்கு நல்லதுதான். முன்னாலேயே போய் நகையைத் தேர்ந்தெடுத்து, சேதாரத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள் அண்ணி, அட்சய திருதியை அன்று பில் மட்டும் போடட்டும் என்றேன். அவரும் சிரத்தையாகப் போய்க் கேட்டார். விலையைப் பதிவு செய்துகொண்டார்கள். சேதாரத்தை மட்டும் அன்றைக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ரோஸ்மில்க் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.