அப்பாயி விட்டு வந்த மலையில் 28 நாள்

2025 மே மாதம் எங்கள் சபையிலிருந்து ஏழு பேர் இலங்கை மலையகத்துக்கு ஊழியத்துக்குப் போய் வந்தோம். கோத்தகிரி திரும்பியதிலிருந்து பலரும் கேட்கிறார்கள்: எப்படிப் போனீர்கள், என்ன செலவாச்சு, அங்கே என்ன செய்தீர்கள், நாங்களும் போகலாமா? ஆளுக்கு ஆள் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஏன் இலங்கை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சிலோன்காரர் வீட்டுப் பெண். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பிரித்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டுப் பிரிக்கவில்லை. என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, 1972-இல் மூன்று பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரி வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், இப்போது டான்டீ என்று எல்லோரும் சொல்கிற அந்தத் தோட்டத்தில், ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தார். திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். போகவில்லை. அதனால் ஹட்டன் பக்கத்துச் சபை ஒன்று உதவி கேட்டு எங்கள் ஆயருக்குக் கடிதம் எழுதியதும் நான்தான் முதலில் பெயர் கொடுத்தேன்.

வேலை நவம்பரிலேயே தொடங்கியது. ஏழு பேரில் ஐந்து பேருக்குப் பாஸ்போர்ட் இல்லை. சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய். பணம் பெரிய விஷயமில்லை, பெயர்தான் பாடு. நம் வீடுகளில் பலருக்கும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் ஒன்று இருக்கும், ஆதாரில் மற்றது இருக்கும். இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும். எங்கள் குழுவில் ஒரு தங்கைக்கு இது சரியாக இரண்டரை மாதம் ஆனது. கோவைக்கும் கோத்தகிரிக்குமாக அவள் அலைந்ததைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. ஊழியத்துக்குப் போக எண்ணம் வந்த அன்றைக்கே உங்கள் காகிதங்களை எல்லாம் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது விசா. சுற்றுலா என்று எழுதிப் போய்விடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர்கள் வாசலிலேயே பொய் சொல்லி நுழைவது எனக்குப் பொறுக்கவில்லை. எங்களை அழைத்த சபை, நாங்கள் செய்யப்போகிற வேலைகளை எழுதிக் கொடுத்து, எந்த வகை அனுமதி வேண்டும் என்று குடிவரவுத் திணைக்களத்திலேயே கேட்டது. அங்கே சொன்னபடி விண்ணப்பித்தோம்.

ஆளுக்கு 46,000 ரூபாய் ஆனது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமான டிக்கெட், பயணக் காப்பீடு, ரயில், சாப்பாட்டுப் பங்கு எல்லாம் அதில் அடக்கம். பாதியை நாங்கள் போட்டோம். மீதி அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்தது. ஒரு முட்டைக்கோஸை 2,000 ரூபாய்க்கு எடுத்த ஐயா, அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். போகும் முன்னும் வந்த பின்னும் கணக்கை ஆராதனை முடிந்ததும் வாசித்தோம். அடுத்தவர் காணிக்கையில் போகிறவர்கள் இதை விடவே கூடாது.

எங்களுக்குள் பெரிய மாற்றம் நடந்தது எட்டு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில்தான். ஆரம்பத்தில் எங்களிடம் நீளமான திட்டம் ஒன்று இருந்தது: விடுமுறை வேதாகமப் பள்ளி, பொம்மலாட்டம், மருத்துவ முகாம், வீடு வீடாகச் சுவிசேஷக் கைப்பிரதி. அதை ஹட்டன் போதகருக்கு அனுப்பினோம். பதிலில் அவர் மூன்றே மூன்று கேட்டிருந்தார். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் ஆங்கிலமும். ஞாயிறு பள்ளி அறைக்குக் கூரை ஒழுகல் அடைத்து வண்ணம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தனியாக இருக்கிற முதியவர்களோடு உட்கார்ந்து பேச நேரம். கைப்பிரதி வேண்டாம், யாருக்கும் தனியாகப் பணமோ பொருளோ கொடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

சிலருக்கு இது ஏமாற்றம்தான். “சுவிசேஷம் சொல்லாமல் என்ன ஊழியம்?” என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, அதைப் பேசவே இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டோம். இலங்கை அரசியலமைப்பு 9-வது பிரிவில் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கிறது. மத சுதந்திரமும் 10, 14 பிரிவுகளில் இருக்கிறது. சட்டம் அப்படி இருந்தாலும், வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து மதம் மாற்றினார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் நாங்கள் விமானம் ஏறி வந்துவிடுவோம். அடுத்த நாள் அதே தெருவில் நடக்க வேண்டியவர்கள் அந்தச் சபையார். இது புரிந்த பிறகு அந்த அண்ணனே கைப்பிரதிக் கட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். குழுவில் இருந்த நர்ஸ் அக்காவுக்கும் இதே பாடம். அந்த நாட்டில் பதிவு இல்லாமல் ஒரு ஊசிகூடப் போடக் கூடாது. அக்கா அந்த மாதம் முழுக்க முதியவர்களுக்கு நகம் வெட்டிவிட்டார், தலை வாரிவிட்டார், மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொன்னார். எங்கள் எல்லோரையும்விட அவரைத்தான் லயத்தில் அதிகம் தேடினார்கள்.

பயணத்தில் சொல்ல அதிகமில்லை. திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம். அங்கிருந்து பதுளை ரயிலில் ஹட்டன். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துப் போயிருந்தேன். ஹட்டன் நாலாயிரம் அடி உயரம்தான், நம் கோத்தகிரி ஆறாயிரத்தைத் தொடுகிற ஊர். ஸ்வெட்டரைவிட அட்டைக்கடிக்கு உப்புத் துணி எடுத்துப் போயிருக்கலாம்.

இறங்கிய மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். போதகர் ஐயாவின் மனைவி எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். “இதுதான் பிள்ளைக் காம்பரா, அந்தப் பக்கம் கொழுந்து மடுவம்” என்று கைகாட்டினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். காம்பரா என்றால் அறை, மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை, பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுவது: இதெல்லாம் எங்கள் வீட்டில் அப்பாயி ஒருவர் மட்டும் பேசுகிற சொற்கள். பள்ளியில் நான் அப்படிப் பேசி மற்ற பிள்ளைகள் சிரித்ததால், ‘இனிமேல் அப்படிப் பேசாதே அப்பாயி’ என்று சின்ன வயதில் அவரிடம் கோபித்திருக்கிறேன். இங்கே ஒரு மலை முழுக்க அந்தச் சொற்களைச் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனது. அன்று இரவு ஜெபத்தில் என்னால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள்தான் எனக்காக ஜெபித்தார்கள்.

வகுப்பிலும் சொல்லில்தான் இடறினேன். பன்னிரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர் நான். முதல் நாள் பலகையில் ‘இயற்கணிதம்’ என்று எழுதினேன். இருபத்து மூன்று பிள்ளைகளும் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒரு பையன் எழுந்து, “டீச்சர், அட்சரகணிதமா?” என்றான். வடிவியல் அங்கே கேத்திரகணிதம், முக்கோணவியல் திரிகோணகணிதம். அவனிடமே புத்தகத்தை வாங்கி, நான்கு இரவு படித்தேன். அதன்பிறகுதான் வகுப்பு வகுப்பானது. பதினோராம் வகுப்பு முடிவில் அங்கே எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு விழுந்தால் மேலே படிப்பது கஷ்டம். அந்தப் பயத்தோடுதான் பிள்ளைகள் மழையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு அப்போது அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய். நம் பணத்தில் 400-க்கும் குறைவு. டியூஷனுக்கு எங்கே போவார்கள்?

வண்ணம் அடிக்கும் வேலையில் ஒரு தப்பு செய்தோம். எங்கள் பையன்கள் மூன்று பேரும் வேகமானவர்கள். இரண்டே நாளில் இரண்டு சுவரை முடித்துவிட்டார்கள். சபை வாலிபர்கள் தண்ணீர் வாளியை எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். மூன்றாம் நாள் போதகர் ஐயாவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தபோது மெதுவாகச் சொன்னார்: “தம்பி, நீங்க போனப்புறம் இது எங்க புள்ளைங்க அடிச்ச சுவரா இருக்கணும்.” அன்றிலிருந்து பிரஷ் அவர்கள் கைக்குப் போனது. வேலை பத்து நாள் இழுத்தது, அது நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரமே எங்களுக்குள் சண்டை. யார் சமைப்பது, யார் எந்நேரமும் போனில் இருப்பது, பிள்ளைகளைக் கேட்காமல் யார் படம் எடுத்தது என்று ஆரம்பித்து, இரண்டு பேர் மூன்று நாள் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே அறையில் ஏழு பாய், ஒரே குளியலறை, ஓயாத மழை. பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விட்டோம். அடுத்த குழுவுக்கு முதல் பாடமே இதுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். போதகர் ஐயா இருவரையும் அழைத்து, ஒரே நோயாளி வீட்டுக்குச் சேர்ந்து போகச் சொன்னார். போய்விட்டு வரும்போது பேசிக்கொண்டு வந்தார்கள்.

அந்தச் சபைக்கு வயது அதிகம். தோட்டத் தமிழர்களுக்கான மிஷன் 1854-இல் தொடங்கியபோது அதன் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன உபதேசியார்கள்தான் லயம் லயமாக நடந்து வேதம் வாசித்தார்கள். நாங்கள் ஏதோ புதிதாகக் கொண்டுபோகிறோம் என்ற எண்ணம், ஞாயிறு காலை எண்பது பேர் கீர்த்தனையை மனப்பாடமாகப் பாடியபோது என்னைவிட்டுப் போய்விட்டது. மே 12 பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி. ஹட்டன் தெருவெல்லாம் காகித விளக்கு. சிங்கள வாலிபர்கள் தன்சல் பந்தல் போட்டு, போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சாப்பாடு கொடுத்தார்கள். நாங்களும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டோம்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் விடுப்பு கேட்டு, அப்பாயி இருந்த தோட்டத்தைத் தேடிப் பொகவந்தலாவை போனேன். அப்பாயிக்குக் கண்டியில் கொடுத்த இந்திய பாஸ்போர்ட்டை எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறோம். அதன் நகல் கையில் இருந்தது. அப்பாயியும் மூன்று பிள்ளைகளும் ஒரே படத்தில், கீழே தோட்டத்தின் பெயர். பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு மடுவத்தில் போய் நின்றேன். பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்தப் படத்தைச் சுற்றி நின்றார்கள். அப்பாயியை யாருக்கும் தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. ஒரு பாட்டி மட்டும் படத்தைக் கீழே வைக்கவில்லை.

“நீ எந்த ஊரு புள்ள?”

“கோத்தகிரி, பாட்டி. நீலகிரி.”

“எங்க அக்காவும் நீலகிரிக்குத்தான் போனா. எழுபத்து நாலுல. மண்டபத்துல இருந்து ஒரு கடிதாசி வந்துச்சு. அவ்ளோதான்.”

அன்று பஸ்ஸைத் தவறவிட்டு அவர் காம்பராவிலேயே தங்கினேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அக்காவுக்கு இடது புருவத்தில் தழும்பு, நன்றாகப் பாடுவாள், போகும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். காலையில் அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்கிற படத்தைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போனில் படம் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். நீயே கொண்டு போ என்று என் கையை மூடினார்.

திரும்பி வந்து சபையில் சாட்சி சொன்னபோது வகுப்பு, சுவர், கணக்கு எல்லாம் சொன்னோம். அந்தப் படத்தையும் காட்டினேன். ஆராதனை முடிந்து நாலு பேர் வந்து, தங்கள் வீட்டிலும் அங்கே விட்டு வந்தவர்கள் உண்டு என்று பெயர் கொடுத்தார்கள். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஹட்டன் சபையார் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை இரவுகளில் போன் வழியாகக் கணக்கு வகுப்பும் நடக்கிறது. மலையில் சிக்னல் போனால் ஞாயிறு மாலை ஈடு செய்கிறேன்.

டான்டீ தோட்டங்களில் சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் விசாரித்தாயிற்று. கொளப்பள்ளியில் ஒரு தாத்தா படத்தைப் பார்த்துவிட்டு, இந்தச் சாயலில் ஒருத்தி நெல்லியாளத்தில் கொழுந்து எடுத்தாள், பாட்டுக்காரி என்றார். பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நெல்லியாளம் போகிறேன். நர்ஸ் அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.