ஏழு

பாட்டி பதில் சொல்லவில்லை. சொன்னது நான். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

2014 கடைசி. பர்மாவில் பெகு பக்கம் வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலை. ஆய்வுக்கு வந்த வெள்ளைக்காரருக்கு நான்தான் வாய். அந்தக் கேள்வி இதுதான்: "நாட்டில் ஜனநாயகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? பத்துக்கு எத்தனை போடுவீர்கள்?"

"நீயே ஒண்ணு போட்டுக்கய்யா. படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா?"

வெள்ளைக்காரர் பேனாவோடு என் முகத்தைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் இன்னும் நாலு வீடு பாக்கி. "ஏழு" என்றேன்.

'பதில் இல்லை' என்று ஒரு கட்டம் தாளிலேயே இருந்தது. ஆனால் அது நிறையச் சேர்ந்தால், சரியாகக் கேட்கத் தெரியவில்லை என்று எங்கள் தலையில்தான் விடியும். அப்புறம், ஏழு அப்படியொன்றும் பொய்யில்லை. 2012ல் பத்திரிகைத் தணிக்கை போனது. எட்டாக்கனியாக இருந்த சிம் கார்டு 2014ல்தான் பர்மா பணத்தில் 1,500 சாட்டுக்கு இறங்கியது. நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் தேர்தலே இல்லாமல் ராணுவத்துக்கு. அதற்காக மூன்றைக் கழித்தேன். இந்தக் கணக்கெல்லாம் பிற்பாடு போட்டது. அன்றைக்கு வாயில் வந்தது ஏழு, அவ்வளவுதான்.

2021 பிப்ரவரி 1, ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு விடிந்தபோது எல்லோருடைய ஏழும் எட்டும் சேர்ந்தேதான் போயின. அதைச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் உறுத்துவது தாளில் அந்த ஏழுக்கு முந்தின கேள்வி. ஓட்டுரிமை உண்டா?

பாட்டி பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையோடு ஒரு வெள்ளை அட்டையை எடுத்து நீட்டினார். குடியுரிமை உறுதியாகாதவர்களுக்குக் கொடுத்த தற்காலிக அடையாள அட்டை. போட்டோவில் முகம் பாதி அழிந்திருந்தது. "இத வச்சுத்தான் 2010ல ஓட்டுப் போட்டேன்." உண்டு என்று டிக் விழுந்தது.

2010 தேர்தலை ஊரே மோசடி என்றது. ஆங் சான் சூகியின் கட்சி நிற்கவே இல்லை. அதில் பாட்டிக்கு ஓட்டு இருந்தது. 2015 பிப்ரவரியில், வெள்ளை அட்டை மார்ச் 31க்கு மேல் செல்லாது என்று அறிவித்தார்கள். நவம்பரில் உலகமே மெச்சிய தேர்தல். நான் விரல் மையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். பாட்டிக்கு ஓட்டு இல்லை. இந்த இரண்டையும் பத்துக்குள் எப்படி அடைப்பது?

அந்த டிசம்பரில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அட்டை இருந்த உறைக்குள் இப்போது ஒரு ரசீது. தேநீரை ஆற்றிக்கொண்டே பாட்டி கேட்டார்: "அன்னைக்கு எத்தன போட்ட?"

"ஞாபகம் இல்ல பாட்டி" என்றேன்.